பெயர் படிக்க முடியாத ஃபோல்டர்

கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடக் கூடாது என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். விழுப்புரத்தில் எங்கள் கடை நடந்துகொண்டிருந்த காலத்தில், வேலைக்குச் சேர்கிறவர்களிடம் முதல் நாளே ஒரு சட்டம் சொல்லிவிடுவேன். மறைந்திருக்கிற ஃபோல்டர், அதற்கு வாயில் நுழையாத பெயர் என்றால் அது வைரஸ், யோசிக்காமல் அழி. பென்டிரைவ் வழியாக வைரஸ் ஊர் சுற்றிய காலம் அது. அந்தச் சட்டத்தை அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டியும் வைத்திருந்தேன். பல வருஷம் அது சரியாகத்தான் இருந்தது. ஒரே ஒரு தடவை தப்பாகப் போனது. அதை எழுத உட்கார்ந்தாலே எனக்குக் கால் நிலைகொள்வதில்லை. இந்தப் பத்தியை எழுதி முடிப்பதற்குள் இரண்டு தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

முதலில் உபதேசியாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1993இல் நான் திண்டிவனத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பத்தாவது முடித்த பெண்களும் வேலை தேடும் பையன்களும் உட்கார்ந்து தட்டுகிற இடத்தில், நாற்பது தாண்டிய ஒருவர் வந்து சேர்ந்தார். அனந்தபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக் கோயிலில் உபதேசியார். பாதர் வராத நாட்களில் ஜெபம் சொல்வது, சாவு விழுந்தால் அடக்கத்துக்கு முன்னால் நிற்பது, பிள்ளைகளுக்கு ஜெப மந்திரம் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவர் வேலை. திண்டிவனத்தில் தம்பி வீட்டில் தங்கி ஆறு மாதம் படித்தார். ‘ய ள ன க ப’ என்று விரல் பழகும்போது உதட்டையும் அசைப்பார். பிள்ளைகள் சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். பரீட்சையில் அந்தச் சிரித்த கூட்டத்தைவிட நல்ல மார்க் அவர்தான் வாங்கினார்.

அப்புறம் நான் கல்யாணமாகி விழுப்புரம் வந்து, டிடிபி, பிரவுசிங் சென்டர், சர்வீஸ் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக் கடை போட்டுவிட்டேன். ஒரு நாள் உபதேசியார் கையில் நீளக் கணக்கு நோட்டோடு வந்து நின்றார். நோட்டில் அவர் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் வரைபடம். நடுவில் இருக்கிற பெரிய சிமென்ட் சிலுவையிலிருந்து கயிறு பிடித்து, ஒவ்வொரு குழியும் எந்தத் திசையில் எத்தனை அடி என்று அளந்து எழுதியிருந்தார். வசதி உள்ளவர்கள் கல் வைத்துவிடுகிறார்கள். கூலி வேலைக்குப் போகிற குடும்பங்கள் மரச் சிலுவையோடு சரி. நாலு மழையில் அது மக்கிப் போகும். பெங்களூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போனவர்கள் கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தியோடு வந்து, எது அப்பா எது தங்கச்சி என்று தெரியாமல் நிற்கிறார்களாம். அதனால் இதை இன்டர்நெட்டில் போடவேண்டும் என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செத்தவர்களுக்கு வெப்சைட்டா உபதேசியாரே என்று கேட்டேன்.

“உயிரோட இருக்கறவங்களுக்குத்தாம்மா. செத்தவங்களுக்கு அவங்க எடம் தெரியும்” என்றார்.

பத்திரிகையோடு இலவசமாக வந்த ஒரு சிடியில் வெப்சைட் கட்டும் மென்பொருள் இருந்தது. அதைப் போட்டுக்கொடுத்தேன். டைப்ரைட்டர் விசைப்படியே தமிழ் அடிக்கிற எழுத்துருவும் கொடுத்தேன். ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறி வந்து, கீபோர்டைப் பார்க்காமலே அடிப்பார். சில மாதத்தில் தளம் ஏறிவிட்டது. இன்டர்நெட்டில் இலவசமாக இடம் கொடுத்தது ஒரு கம்பெனி. சில வருஷம் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொண்டது. அவர் கவலைப்படவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் அதே தளத்தை வைத்துக்கொண்டு, சாவு விழும்போதெல்லாம் புதுப் பெயரைச் சேர்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு அந்தப் புயல் வந்தது. எங்கள் மாவட்டத்தில் இருந்தவர்களுக்கு எந்தப் புயல் என்று சொல்லவேண்டியதில்லை. கல்லறைத் தோட்டத்தில் இருந்த வேப்பமரங்கள் வேரோடு சாய்ந்தன. மரச் சிலுவைகள் பறந்துபோயின. மண்மேடுகள் மழையில் கரைந்து தரை சமமாகிவிட்டது. உபதேசியாரின் கணக்கு நோட்டும் அந்த மழையில் ஊறிக் கூழாகிவிட்டது. ஒரு மாதத்தில் உபதேசியாருக்குப் பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஊர்க்காரர்கள் கூடிப் பேசினார்கள். தோட்டம் ஏற்கெனவே நிறைந்துவிட்டது. ஜேசிபி வைத்து நிரவி, முதல் வரிசையிலிருந்து மறுபடி குழி போடலாம். இன்ன இடத்தில் எங்கள் ஆள் இருக்கிறார் என்று காட்ட முடிந்தவர்கள் அதற்கு முன் சிமென்ட் கல் நட்டுக்கொள்ளட்டும், அந்த இடத்தைத் தொடமாட்டோம் என்று முடிவானது. நாள் சனிக்கிழமை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு உபதேசியாரின் மருமகள் ஜெயமேரி கடைக்கு வந்தாள். அங்கன்வாடி டீச்சர். முப்பது வயதுக்குமேல் இருக்கும். இரண்டாவது படிக்கிற ஒரு பையன் உண்டு. அவனுக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை பிறந்து இரண்டாம் நாளே போய்விட்டது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், விழுப்புரம் ஆஸ்பத்திரியில். ஆபரேஷன் ஆகி இவள் நினைவில்லாமல் கிடந்தபோதே மாமனாரும் புருஷனும் குழந்தையை ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டார்கள். இவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்களாம். ஒரு வேப்பமரத்துக்குக் கிழக்கே என்பது மட்டும் தெரியும். அந்த மரம் இப்போது இல்லை.

“மாமா சைட்டுல இருக்குங்க மேடம். எல்லாரோட எடமும் அதுல இருக்குது. நேத்து கம்ப்யூட்டர தொறந்து பார்த்தா சைட்டையே காணோம். போன வாரம் உங்க கடையிலதான் சர்வீஸ் பண்ணிக்கினு வந்தாங்க” என்றாள்.

சரவணனைக் கூப்பிட்டேன். எட்டு வருஷம் என்னோடு வேலை பார்த்தவன், கைசுத்தமான வேலைக்காரன். ஜாப் கார்டை எடுத்து வந்து காட்டினான். ‘சைட் முக்கியம், பேக்கப் எடுக்கவும்’ என்று தெளிவாக எழுதியிருந்தது. பேக்கப்பும் எடுத்திருந்தான். அதைத் திறந்து பார்த்தபோது எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. உள்ளே இருந்ததெல்லாம் வீட்டு மனைகள். லேஅவுட் படம், எல்லைக்கல் நட்ட படம், சிரித்துக்கொண்டு நிற்கிற பார்ட்டிகள்.

நடந்தது இதுதான். ஜெயமேரியின் புருஷன் அந்தோணி திண்டிவனத்தில் மனை புரோக்கர். நெடுஞ்சாலை அகலமான பிறகு திண்டிவனத்தைச் சுற்றி வயலெல்லாம் மனையாகி, ‘சைட்’ என்றால் மனை என்றே ஆகிவிட்டது. கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று அவன் எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, ‘சைட்டெல்லாம் பத்திரமா எடுத்து வைக்கச் சொல்லு’ என்று இவள் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவன் அதை அப்படியே சரவணனிடம் சொன்னான். அவன் மனதில் மனை, சரவணன் தேடிப் பார்த்தபோது கிடைத்ததும் மனை. மூன்று பேரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். யாரும் பொய் சொல்லவில்லை.

சரி, வெப்சைட் கோப்பு எங்கே போனது? அந்த மென்பொருள் தன் வேலையை நம் கண்ணில் படுகிற இடத்தில் வைக்காது. சி டிரைவுக்குள் தனக்கென்று ஒரு மறைவிடம் வைத்துக்கொள்ளும். சரவணன் சி டிரைவை ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்டிருந்தான். அது போயிற்று. டி டிரைவில் என்னடா செய்தாய் என்று கேட்டேன். அவன் மேசைக்கு மேலே இருந்த அட்டையைப் பார்த்தான். மறைந்திருந்த ஃபோல்டர் ஒன்று, வாயில் நுழையாத பெயர், என் சட்டப்படி அழித்துவிட்டான்.

ஜெயமேரி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்த இடத்தில் உங்கள் நாக்கு என்ன சொல்லும் என்று யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். ‘உங்க வீட்டுக்காரர் சரியா சொல்லல’ என்று தப்பித்துக்கொள்ளலாம். கார்டில் அந்தோணியின் கையெழுத்தும் இருக்கிறது. என் நாக்கின் நுனிவரை அது வந்தது. சொல்லியிருந்தால் அவள் அழுதுகொண்டே போயிருப்பாள், அந்தோணி கம்ப்யூட்டரை ஓட்டிக்கொண்டே இருந்திருப்பான், மிச்சம் மீதியும் அழிந்திருக்கும். “நாங்கதான் அழிச்சிட்டோம் ஜெயா. திரும்ப எடுக்க முடியுமான்னு பாக்கறேன்” என்றேன். சரவணன் தலை குனிந்துகொண்டான். சட்டம் என்னுடையது என்பதையும் சொன்னேன். அதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

அழித்த கோப்பு உடனே போய்விடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதன் மேல் வேறொன்று எழுதப்படும்வரை உள்ளேயே கிடக்கும். அதாவது அந்தக் கம்ப்யூட்டர் ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து. அன்று காலைதான் கம்ப்யூட்டரைத் திண்டிவனத்தில் தன் ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தான் அந்தோணி. அவனுக்கு போன் போட்டேன். பார்ட்டி உட்கார்ந்திருக்கிறார், லேஅவுட் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டு அரை மணியில் நிறுத்துகிறேன் என்றான். இப்போதே வயரைப் பிடுங்கு என்றேன். சரி மேடம், சரி மேடம் என்றான். அந்தச் ‘சரி மேடம்’ எனக்குத் தெரியும். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்ற பத்து நிமிடத்தில் நான் மூன்று தடவை டிரைவர் முதுகைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கண்டக்டர் எரிச்சலோடு உட்காரச் சொன்னார். திண்டிவனத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து அந்தோணி ஆபீசுக்குப் போனால், எதிர்பார்த்தபடியே பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து பிளக்கைப் பிடுங்கினேன். காகிதம் பாதியில் நின்றது. பார்ட்டி எழுந்துவிட்டார். அந்தோணிக்கு முகம் சிவந்துவிட்டது.

“இன்னா மேடம் நீங்க, பார்ட்டி முன்னாடி இப்படி பேஜாரு பண்றீங்க?”

“உன் பொண்ணு எங்க இருக்குதுன்னு இதுலதான்பா எழுதியிருக்குது” என்றேன்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அந்தக் குழந்தையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனவன் அவன்தான். அப்பா எங்கெங்கோ அளந்தார், நான் எதையும் பார்க்கவில்லை மேடம், மண்ணைத் தள்ளிவிட்டு ஓடிவந்துவிட்டேன் என்றான். பிறகு அவனே ஸ்குரூடிரைவர் தேடிக் கொடுத்தான். ஹார்ட் டிஸ்கைக் கழற்றித் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

திரும்பும் வழியில் முண்டியம்பாக்கத்தில் இறங்கிவிட்டேன். இறங்கியிருக்க வேண்டியதில்லை, ஆனால் பஸ்ஸில் சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. பார்வையாளர் நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. உபதேசியார் என்னை அடையாளம் கண்டுகொண்டார். நடந்ததைச் சொல்லி, வேறு எங்காவது காப்பி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். வாய் கோணிக்கொண்டு ஏதோ சத்தம் வந்தது. எனக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. இடது கை மட்டும் படுக்கை விரிப்பில் தட்டிக்கொண்டே இருந்தது. ஒரு தட்டு, கை வலப்பக்கம் நகர்ந்து சில தட்டு, மறுபடி இடப்பக்கம். நான் அதைப் பதற்றம் என்று நினைத்தேன். நர்ஸும் அப்படித்தான் நினைத்து, அவரைத் தொந்தரவு பண்ணாதீங்கம்மா என்று என்னை அனுப்பிவிட்டார். டைப்ரைட்டிங் டீச்சர் என்று எனக்குப் பெயர். வெட்கக்கேடு.

வெள்ளிக்கிழமை காலை கடை திறந்ததும் அடுத்த சிக்கல். அந்த வருஷம் கரண்ட் இருக்கிற நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகம். எங்கள் யுபிஎஸ் கால் மணி தாங்கும். டிஸ்க்கோ லேசாக டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. நேரே தேட ஆரம்பித்துவிடலாம் மேடம், நாளைக்கு ஜேசிபி வருகிறது என்று சரவணன் பறந்தான். எனக்கும் பறக்கத்தான் தோன்றியது. ஆனால் சாகப்போகிற டிஸ்க்கில் தேடினால், தேடும்போதே அது செத்துவிடலாம். முழு டிஸ்க்கையும் வேறொன்றில் அப்படியே பிரதி எடுத்துவிட்டு, பிரதியில்தான் தேடுவது என்று சொன்னேன். இரண்டரை மணி நேரம் ஆகும், நடுவில் கரண்ட் போகக் கூடாது. அவசரம் அதிகமாக இருக்கும்போதுதான் அசலைத் தொடாமல் இருக்கவேண்டும். இதை மட்டுமாவது என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் கல்யாண மண்டபம். அன்று முகூர்த்தம், ஜெனரேட்டர் விடியற்காலையிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜரைக் கேட்டேன். மளிகைச் சாமான் வைக்கிற அறையில் ஒரு பிளக் இருக்கிறது, வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு நானும் சரவணனும் பந்தலுக்குள் நுழைந்தபோது, பன்னீர் தெளிக்கிற பெண் எங்கள் மேலும் தெளித்தாள். அரிசி மூட்டைக்கும் வாழைக்காய்த் தாருக்கும் நடுவில் கம்ப்யூட்டரை வைத்துப் பிரதி எடுக்க ஆரம்பித்தோம். அங்கன்வாடிக்கு லீவ் சொல்லிவிட்டு ஜெயமேரியும் வந்து ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

அந்த இரண்டரை மணி நேரத்தில் நான் அந்த அறைக்கும் வாசலுக்கும் எத்தனை தடவை நடந்தேனோ தெரியாது. தாலி கட்டும்போது மேளம் உச்சத்துக்குப் போனது. திரையில் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. ஜெயமேரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள்.

“கெடைக்குமாங்க?”

தெரியாது என்றேன். கிடைக்கும் என்று சொல்ல வாய் துடித்தது. சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் இந்த வேலையில் பழகவேண்டும்.

பிரதி முடிந்தது. அழிந்த கோப்புகளைத் தேடுகிற மென்பொருளை ஓடவிட்டோம். பட்டியல் வந்துகொண்டே இருந்தது, ஆயிரக்கணக்கில். சரவணன் ‘சைட்’ என்று போட்டுத் தேடினான். மறுபடியும் மனைகளாகக் கொட்டியது. வெப்சைட் பக்கம் என்று தேடினான். அந்தோணி எப்போதோ பார்த்த கிரிக்கெட் ஸ்கோர் வந்தது. முகூர்த்தம் முடிந்து சாப்பாட்டு வாசனை அறைக்குள் வந்துவிட்டது. எனக்குப் பொறுமை போய், அவனை நகரச் சொல்லிவிட்டு நானே பட்டியலை மேலிருந்து கீழே தள்ள ஆரம்பித்தேன்.

டி டிரைவ். ஒரு பெயர். ஆங்கில எழுத்தில், எஃப், ஒய், அரைப்புள்ளி, ஒய், ஐ, டபிள்யூ.

“அதுதான் மேடம் அந்த வைரஸ். நான் அழிச்சது. பேரு ஞாபகம் இருக்குது” என்றான் சரவணன்.

நான் தாண்டிப் போய்விட்டேன். நாலு பெயர் தள்ளி நின்றேன். என் விரல்கள் வாழைக்காய்த் தார் மேல் இருந்தன, அவை எனக்கு முன்னால் வேலையை ஆரம்பித்துவிட்டன. இடது ஆள்காட்டி விரல், க. வலது ஆள்காட்டி விரல் மேலே போய், ல. சுண்டு விரலில் புள்ளி. மறுபடி ல. நடுவிரலில் ஐகாரக் கொம்பு, டைப்ரைட்டரில் அது எழுத்துக்கு முன்னால் வரும். இடது மோதிர விரலில், ற.

“அது வைரஸ் இல்ல சரவணா. தமிழ்” என்றேன். “கல்லறை.”

உபதேசியார் கீபோர்டைப் பார்க்காமல் அடிக்கிறவர் என்று சொன்னேன் அல்லவா. ஃபோல்டருக்குப் பெயர் வைக்கும்போதும் தமிழிலேயே அடித்திருக்கிறார். ஃபோல்டர் பெயருக்கு எழுத்துருவைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் விரல் பட்ட விசையின் ஆங்கில எழுத்தை அப்படியே எழுதிவைத்துவிட்டது. மகனின் புரோக்கர் சிநேகிதர்கள் கம்ப்யூட்டரை நோண்டுவார்கள் என்று மறைத்தும் வைத்திருக்கிறார். முண்டியம்பாக்கத்தில் படுக்கை விரிப்பில் ஒற்றைக் கையால் அவர் தட்டியது இதைத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒழுங்காக பேக்கப் எடுத்து வைத்தவர், கம்ப்யூட்டர் படிக்காத அந்த உபதேசியார். அதை அழித்தவர்கள், கம்ப்யூட்டருக்கென்றே கடை வைத்திருந்த நாங்கள். அவமானத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது.

ஃபோல்டரை மீட்டோம். தளம் திறந்தது. ஆனால் இந்தக் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லை, பக்கமெல்லாம் ஆங்கிலக் கிறுக்கல். சரவணன் எழுத்துரு எடுத்து வரக் கடைக்கு ஓடினான். ஜெயமேரி மூட்டையை விட்டு எழுந்து என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது. சரவணன் வரும்வரை காத்திருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. கடைசிப் பக்கத்துக்குப் போய், அரிசி மூட்டை மேல் விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தேன்.

தலைப்பு, ‘பிள்ளைகள் வரிசை’. ஒவ்வொன்றாகப் போனேன். எல்லாவற்றிலும் பிள்ளை பெயர், அப்பா பெயர், அடிக் கணக்கு. ஏழாவது வரியில் நிறுத்தினேன். கே, ஜே, ஐ, ஒய். ம, த, லை.

“மதலைமேரி” என்றேன்.

“அது யாருங்க? எங்க ஊட்டுல அப்படி யாரும் இல்லியே” என்றாள் ஜெயமேரி.

நான் மேலே படித்தேன். மற்ற வரிகளில் அப்பா பெயர் இருக்கிற இடத்தில், இந்த வரியில் மட்டும் அம்மா பெயர் இருந்தது. ‘ஜெயமேரி மகள். பெரிய சிலுவையிலிருந்து வடக்கே இருபத்திரண்டு அடி, கிழக்கே ஒன்பது அடி. ஞானஸ்நானம் ஆஸ்பத்திரியில், என் கையால்.’

உயிர் போகிற நிலையில் இருக்கிற குழந்தைக்கு, பாதர் இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றிப் பெயர் வைக்கலாம் என்பது அவர்கள் வழக்கம். அந்தோணி மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் அதைச் செய்திருக்கவேண்டும். வீட்டில் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டதால் யாரிடமும் சொல்லவில்லை. எழுதி மட்டும் வைத்திருக்கிறார்.

ஜெயமேரி அழவில்லை. என்னைத்தான் அழுகை பிடித்துக்கொண்டது. அவள் திரையில் அந்தக் கிறுக்கல் வரியை விரலால் தொட்டுக்கொண்டு நின்றாள்.

“ஒன்பது வருஷமா பேரில்லாத புள்ளைன்னு நெனச்சிக்கினு இருந்தேங்க” என்றாள்.

சரவணன் எழுத்துருவோடு வந்தான். கிறுக்கலெல்லாம் தமிழாக மாறியது. முழுவதையும் அச்செடுத்தோம். மூன்று சிடியில் பதிந்து ஒன்றை அவளிடமும் ஒன்றை ஊர்க்காரர்களுக்கும் கொடுத்து, ஒன்றைக் கடையில் வைத்துக்கொண்டோம். சனிக்கிழமை அந்தோணி கயிறு பிடிக்க, ஊரே நின்று அளந்து கல் நட்டார்கள், பிறகுதான் ஜேசிபி உள்ளே போனது. அட்டையைச் சரவணன் கழற்றப் போனான். வேண்டாம் என்று தடுத்து, அதில் ‘யோசிக்காமல் அழி’ என்பதை அடித்து, ‘சொந்தக்காரரிடம் கேட்காமல் அழிக்காதே’ என்று நானே எழுதினேன். சைட் என்று யார் சொன்னாலும் எந்த சைட் என்று கேட்கிற பழக்கமும் அன்றுதான் வந்தது.

இதெல்லாம் தொழில். ஆனால் அந்த வெள்ளிக்கிழமையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வேறு. வேலை முடிந்து கம்ப்யூட்டரை மூடும்போது, மண்டபத்து மேனேஜர் வந்து, சாப்பிடாமல் போகக் கூடாது என்று எங்களைப் பந்தியில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டார். யார் வீட்டுக் கல்யாணம் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. ஜெயமேரிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியம்மா, பெண் வீட்டுக்காரர் போல. இலை போட்டுத் தண்ணீர் தெளிக்கும்போது, கல்யாண வீட்டில் எல்லோரும் எல்லோரையும் கேட்பதைத்தான் அவரும் கேட்டார், எந்த ஊரு, இன்னா வேலை, எத்தினி புள்ளைங்க என்று.

ஜெயமேரி இலையை நேராக்கிக்கொண்டே சொன்னாள்.

“ரெண்டுங்க. பெரியவ பேரு மதலைமேரி.”